கூட்டணிப் பாட்டு

— பாட்டை நிறுத்துங்க மாமா.

— என்னது?

— பாட்டை நிறுத்துங்கன்னேன். தெரு முனையிலேயே காது கிழியுது.

— கிழியட்டும். கூட்டத்துக்குப் போற ஸ்பீக்கர் பொட்டி, டெஸ்ட் பண்ணிட்டிருக்கேன். நீ எங்க இந்தப் பக்கம்? வழி தவறி வந்துட்டியா?

— அக்கா போன் பண்ணா.

— பண்ணுவா. அக்காவுக்கும் தம்பிக்கும் வேற என்ன வேலை.

— முதல்ல அதை நிறுத்துங்க.

— நிறுத்த முடியாது. குறைச்சிருக்கேன், பேசு.

— சாயங்காலம் கூட்டணிக் கூட்டத்துக்கு நீங்கதான் மைக்செட் போடறீங்களாம். நிஜமா?

— மைக்செட்காரன் மைக்செட் போடாம, உன்னை மாதிரி டிவியில குரல் மாத்திப் பேசியா பொழைக்க முடியும்?

— ஆரம்பிச்சாச்சா...

— நீதான்டா ஆரம்பிச்ச. வாராவாரம் எங்க தலைவர் மாதிரி தொண்டையைக் கனைச்சுக் கனைச்சு... ஊரே பல்லைக் காட்டுது. கடைக்கு வர்றவன் எல்லாம் என்கிட்டயே கனைச்சுக் காட்டறான்.

— நான் நக்கல் பண்ணா தப்பு. அவரே அவரை நக்கல் பண்ணிக்கிட்டா? இந்தப் பாட்டை முழுசாக் கேட்டீங்களா?

— கேட்டேன்.

— உங்க கட்சிப் பாட்டு பாதி, அவனுங்க பாட்டு மீதி. நடுவுல ஒரு பொண்ணு வந்து ராப் பண்ணுது, என்ன சொல்லுதுன்னு அதுக்கே தெரியாது. போன தேர்தல்ல ஒருத்தனை ஒருத்தன் திட்டறதுக்குன்னே போட்ட மெட்டுங்க, மாமா. இப்ப ரெண்டும் கட்டிப் புடிச்சு ஆடுது.

— மெட்டு என்னடா பண்ணும், பாவம். எவன் போட்டாலும் பாடும்.

— வரின்னு ஒண்ணு இருக்கே.

— வரியை எவன் கேக்கறான்? பேஸைத் தூக்கி விட்டா ஜனம் ஆடும். பாடறவன் குரலைக்கூட மெஷின்ல போட்டு வழிச்சு எடுத்துடறானுங்க. மூச்சு விடற இடமே காணோம். மூச்சு விடாம எந்த மனுஷன்டா பாடறான்...

— பேச்சை மாத்தாதீங்க.

— பாட்டைப் பத்திப் பேசினது நீ.

— நான் உங்க காலைப் பத்திப் பேச வந்தேன்.

— அதான் நடக்கறேனே.

— போன தேர்தல் கூட்டத்துல பொட்டி அடுக்கைத் தள்ளி விட்டு உங்க காலை ஒடிச்சது யாரு?

— இருட்டு. சரியாப் பாக்கல.

— பாத்தீங்க. போலீஸ்ல பேரோட எழுதிக் குடுத்தீங்க. கூட்டணி வந்ததும், 'பழசை விடுப்பா'ன்னு கட்சியில சொன்னாங்க, விட்டீங்க. இன்னிக்கு அவனுக்கு மேடையில தலைவர் பக்கத்து நாற்காலி. நீங்க போய் அவன் வாய்க்கு நேரா மைக்கைத் தூக்கி வைக்கணும். நொண்டி நொண்டி.

— அந்த வார்த்தையைச் சொல்லாத.

— மாமா, நான்...

— உங்க அக்காவே இதுவரைக்கும் அதைச் சொன்னதில்ல. உனக்கு வாய் ரொம்ப நீளம்டா. டிவியில வளத்து விட்டிருக்கானுங்க.

— தப்புதான். கோபத்துல வந்துடுச்சு.

— எனக்கு வராதா கோபம்? பெரிய இவன் மாதிரி கூட்டணியைக் கேக்கற. உங்க சேனல்காரன் என்ன பண்ணான்? கூட்டணி வச்ச மறு வாரமே, காலை ஒடிச்சவன் கட்சித் தலைவர் மாதிரி பேசறதை மட்டும் நீ நிறுத்திட்ட. ஏன், தொண்டை கட்டிக்கிச்சா?

— அது... மேல இருந்து சொன்னாங்க.

— எனக்கும் மேல இருந்துதான்டா சொன்னாங்க.

— நான் சம்பளத்துக்கு இருக்கேன். நீங்க? மைக்செட்டையும் ஓசியில போட்டு, அடியும் வாங்கி... ஆஸ்பத்திரியில கிடந்தப்ப உங்க கட்சியில ஒருத்தன் எட்டிப் பாத்தானா?

— தலைவர் பேசினாரு.

— ஐயோ...

— என்ன ஐயோ? அவரே போன் பண்ணிப் பேசினாரு. 'கால் எப்படிப்பா இருக்கு, வலிக்குதா, சாப்பிட்டியா'ன்னு கேட்டாரு. அவ்வளவு பெரிய மனுஷன். கட்சி ஆபீஸ்ல ஒருத்தனுக்கும் அந்தக் கொடுப்பினை இல்ல.

— அந்த ஒரு போனுக்காக, அவர் எவன் தோள்ல கை போட்டாலும் பின்னாலயே போவீங்க.

— போவேன்.

— வெக்கமா இல்ல?

— இல்ல. அவராவது கேட்டாரு. நீ கேட்டியா? கூடப் பொறந்தவ புருஷன் கால் ஒடிஞ்சு கிடக்கறான். வந்தியாடா நீ?

— வாசப்படி மிதிக்காதேன்னு சொன்னது யாரு? என் முதல் புரோகிராம் வந்த அன்னிக்கு, அக்கா கண்ணு முன்னாடி என் செருப்பைத் தூக்கித் தெருவுல வீசினது யாரு?

— வீட்டு வாசப்படியைத்தான் சொன்னேன். ஆஸ்பத்திரி வாசப்படியையா சொன்னேன்?

— மாமா, வேண்டாம். என்னைப் பேச வைக்காதீங்க.

— பேசேன். வாய்தான் இருக்கே.

— அவர் பேசல.

— எவர்?

— உங்க தலைவர். அவர் பேசல... நான் பேசினேன். போதுமா? சோறு வேண்டாம்னுட்டு சுவத்தைப் பாத்தே படுத்திருக்காருன்னு அக்கா அழுதா. கட்சியில யாராவது வந்தா எழுந்திருப்பாருன்னா. எவனும் வரல. சிநேகிதன் போனை வாங்கி, நான்தான்... அந்தக் கனைப்போட. நான் பேசினதை நம்பி, உங்க காலை ஒடிச்சவன் காலடியில போய் நிக்கப் போறீங்களேன்னுதான் எனக்கு வயிறு எரியுது. அடிக்கணும்னா அடிங்க.

— முடிச்சிட்டியா?

— முடிச்சிட்டேன்.

— தெரியும்.

— என்ன தெரியும்?

— நீதான்னு தெரியும். அன்னிக்கே தெரியும். ஜன்னல் ஓரக் கட்டில்டா எனக்கு. நீ பேசிட்டிருக்கும்போது கீழ ஒரு ஆம்புலன்ஸ் கத்திட்டு வந்துது. ஜன்னல் வழியாவும் கேட்டுது, போன் வழியாவும் கேட்டுது. நான் மைக்செட்காரன்டா. ஒரே சத்தம் ரெண்டு பக்கம் வந்தா எனக்குத் தெரியாதா?

— தெரிஞ்சுமா ஊர் பூரா 'தலைவர் பேசினாரு, தலைவர் பேசினாரு'ன்னு...

— வேற என்ன சொல்லச் சொல்ற? அத்தனை வருஷம் உழைச்ச தலைவர் ஒரு வார்த்தை கேக்கலன்னு சொல்லவா? என் மச்சினன் கீழ வரைக்கும் வந்து, மாடி ஏறாம திரும்பிப் போனான்னு சொல்லவா? எதைச் சொன்னாலும் எனக்குத்தான்டா அசிங்கம்.

— அப்ப... எல்லாம் தெரிஞ்சும் எதுக்கு அந்தக் கூட்டத்துக்குப் போறீங்க?

— எவன் போறான்? காலையிலேயே முடியாதுன்னு சொல்லிட்டேன். வேற ஆள் புடிச்சிருப்பானுங்க.

— அப்புறம் எதுக்கு இந்தப் பொட்டி, இந்தப் பாட்டு, அக்காகிட்ட கூட்டத்துக்குப் போறேன்னு சொன்னது...

— சொன்னாத்தானே அவ உனக்குப் போன் பண்ணுவா. நீயும் சண்டை போடறதுக்காவது வருவ. வந்துட்டல்ல? இப்ப கேளுடா. அவர் குரல் வேண்டாம். உன் குரல்ல ஒரு தடவை கேளு, கால் எப்படி இருக்குன்னு.