கதவு தெரிந்த கோப்பை

காபி நன்றாக இருந்ததா, லேபர் இன்ஸ்பெக்டர் ஐயா? எங்கள் ஷ்டிப் ஊரில் வண்டல் இல்லாததைக் காபி என்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை. குடித்துவிட்டுக் கோப்பையைத் தட்டில் கவிழ்த்தால், வண்டல் வழிந்த கோலத்தைப் பார்த்து நான் குறி சொல்வேன். சட்டைத் தொழிற்சாலையில் நான் மேற்பார்வையாளர் என்றாலும், மரியாதை முழுதும் இந்தக் குறிக்குத்தான்.

வசந்தம் வந்ததும் பெண்கள் கொஞ்சம் சோம்பிப் போனார்கள். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்பார்கள். நான் அதட்டக்கூட இல்லை. இடைவேளையில் ஒருத்தியின் கோப்பையைப் பார்த்து, "ஒரு கதவு தெரியுதுடி. நம்மள்ல யாரோ வெளிய போறாங்க" என்றேன். மறுநாள் தையல் மெஷின்கள் மட்டும்தான் பேசின. முதலாளி என்னைப் பாராட்டினார்.

பயத்தில் கை வேகமாக ஓடும். காலரைத் தலைகீழாகவும் தைக்கும். பிரித்துத் தைக்கவைத்தேன்.

சட்டைக்குக் கை தைப்பதில் திராயாங்காதான் எங்களில் கெட்டிக்காரி. கணவன் படுத்த படுக்கை. அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. ஒருநாள் கோப்பையை நீட்டினாள்.

"ரோஸ்கா அக்கா, நெஞ்ச அடைக்குது. டாக்டர்கிட்ட போக லீவு கேக்கட்டா? இல்ல, அந்தக் கதவு எனக்குத்தானா?"

"உன்ன அனுப்பிட்டா முதலாளி கையில்லாத சட்டைதான் விக்கணும்" என்று பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள். திராயாங்கா சிரிக்கவில்லை.

நான் நிதானமாகப் பார்த்தேன். "உன் கதவு பாதி தெறந்திருக்கு. சரக்கு லாரி கெளம்பட்டும், அப்புறம் போ."

லாரியில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது அவள் மெஷின்மேல் சாய்ந்தாள். "எழுந்திரு மகாராணி, பகல்லயே தூக்கமா?" என்று கேலி செய்தேன். அவள் கால் மிதியை அழுத்தியபடியே இருந்ததால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் நிறுத்தினேன். அடக்கத்தில் அவள் கணவனைவிட நான் அதிகம் அழுதேன். அது பொய் அழுகை இல்லை.

மூன்று வருஷத்துக்கு ஆர்டர் இருந்தது. யாரையும் வேலையைவிட்டு அனுப்பும் யோசனை முதலாளிக்கு இல்லை. முதல் கோப்பையைத் தொடும் முன்பே அது எனக்குத் தெரியும். இதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நான் பொய் சொன்னதாக மட்டும் எழுதாதீர்கள். யாரோ வெளியே போவார்கள் என்றேன், போனாளா இல்லையா?

அட, பேச்சுவாக்கில் நீங்களும் கோப்பையைக் கவிழ்த்துவிட்டீர்களே. கொடுங்கள், பார்க்கிறேன்.

உங்கள் ஆபீசிலும் ஒரு கதவு தெரிகிறது ஐயா.