லூசியம்மாளுக்காக வாங்கிய ஷாக் அப்சார்பர்

ஷாக் அப்சார்பர் வாங்கப் போகிறவர்கள் முதலில் விலையைக் கேட்கிறார்கள். அது தப்பு. வண்டியில் என்ன ஏறப்போகிறது, எந்த ரோட்டில் போகப்போகிறது என்றுதான் பார்க்கவேண்டும். சுரங்க வொர்க்‌ஷாப்பில் முப்பத்தாறு வருஷம் நான் அதைத்தான் பார்த்தேன். என் சொந்த வேனுக்கும் அப்படித்தான்.

அது ஏற்கெனவே இருபது வருஷம் ஓடிய பழைய வேன். ரிட்டயர் ஆனதும் வாங்கி, உள்ளே படுக்கை, காஸ் அடுப்பு, தண்ணீர் டேங்க் எல்லாம் என் கையாலேயே வைத்தேன். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, நானும் என் மனைவி லூசியம்மாளும் வேளாங்கண்ணியில் ஆரம்பித்து ஊர் ஊராகப் போவதாகத் திட்டம். திட்டம் என்னுடையது. அவள் எங்கள் பிளாக் பெண்களிடம் வாசலில் நின்று சிரித்துக்கொண்டே சொன்னாள்: "இந்த மனுசனோட ஷிப்ட்டு பாத்துக்கினே என் காலம் போச்சு. இனிமேலாவது ஆனி வூட்ல நிம்மதியா இருந்துக்கிறேன். அவரு வேன்ல போய்க்கினே இருக்கட்டும்." ஆனி எங்கள் மகள், சென்னையில் இருக்கிறாள். நான் ஜன்னலுக்கு உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வயிறு எரிந்தது. இதில் மறைக்க ஒன்றுமில்லை.

அடுத்த மாதம் லூசி குளியலறையில் வழுக்கி விழுந்தாள். முதுகெலும்பில் விரிசல். "ஒரு குலுக்கல்கூட ஆகாதுங்க. எலும்பு நகர்ந்தா கால் போயிடும்" என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார். அம்மாவைச் சென்னைக்குக் கொண்டுவர ஆம்புலன்ஸ் அனுப்புகிறேன் என்றாள் ஆனி. நம் வேனிலேயே படுக்கை இருக்கிறதே, நானே மெதுவாகக் கூட்டி வருகிறேன் என்றேன். என் அக்கறையைப் பார்த்து அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

பழைய ஷாக் அப்சார்பரில் எண்ணெய் ஒழுகியது. குறிஞ்சிப்பாடியில் சக்கரபாணியின் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். நான் லோடு வண்டிக்கானதைத் தொட்டதும் அவர் பதறிப்போனார்.

"அய்ய, அது வாணாங்க. ஒன்றரை டன் ஏத்துற வண்டிக்குப் போடுறது. காலி வண்டியில போட்டா கல்லு மாதிரி நிக்கும். அம்மாவப் படுக்க வச்சிக்கினு போறேன்றீங்களே, இந்த மெத்துன்னு இருக்கறத எடுத்துக்கினு போங்க."

நல்ல மனுஷர், தொழில் தெரிந்தவர். நான் லோடு வண்டிக்கானதையே வாங்கி, நானே மாட்டினேன். படுக்கையையும் பின்சக்கரத்துக்கு நேர் மேலே தள்ளி வைத்தேன். அடி முழுசாக ஏறுவது அங்கேதான்.

லூசியைப் பின்னால் படுக்கவைத்துச் சென்னைக்குக் கிளம்பினேன். காடாம்புலியூர் வரைக்கும் ரோடு குண்டும் குழியுமாக இருந்தது. நான் முப்பதைத் தாண்டவில்லை, யாரை வேண்டுமானாலும் விசாரியுங்கள். "மாதாவே, ஓரமா நிறுத்துங்க, முதுகு வுட்டுப்போவுது" என்று கத்தினாள். நிறுத்தினேன். தண்ணீர் கொடுத்தேன். மாத்திரையை வீட்டிலேயே மறந்துவிட்டேன் என்று சொல்லி வண்டியைத் திருப்பினேன். மாத்திரை என் சட்டைப் பையில் இருந்தது. வீட்டுக்கு வந்து, மறுபடி கிளம்பினோம். ஆக அதே ரோடு மூன்று தடவை. மூன்றாம் தடவை அவள் கத்தவில்லை.

சக்கரபாணி ஆனியிடம் உளறி, அவள் புகார் கொடுத்ததால்தான் போலீஸ் நீங்கள் வந்திருக்கிறீர்கள். ஆமாம், வேண்டுமென்றேதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையும் எழுதுங்கள். சென்னைக்கெல்லாம் இனி அவளை அனுப்பவேண்டாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். இடுப்புக்குக் கீழே அவளுக்கு ஒன்றும் தெரிவதில்லை. போன வாரம் ஆஸ்பத்திரிக்கு இதே வேனில்தான் கூட்டிப்போனேன். ஒவ்வொரு குழியிலும் கண்ணாடியில் பார்த்தேன். நிறுத்தச் சொல்லாமல் கூரையையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவளுக்கும் வேன் பிடித்துப்போய்விட்டது.