தூக்கம் வராத மாத்திரை

மூக்கடைப்போடு ஒருவர் சாப்பிடுவதைப் பார்த்தால் எனக்கு மனசு தாங்காது. ருசியே தெரியாமல் மென்றுகொண்டிருப்பார், பாவம். கல்யாணமான புதிதில் என் கணவர் அப்படித்தான் இருந்தார்.

எனக்கு மருந்துக்கடையில் வேலை, பத்தொன்பது வருஷமாக. அவர் தொழிற்சாலை ஆட்களை ஏற்றிப்போகும் வேன் ஓட்டினார். பூனை முடி பட்டால் போதும், கண் வீங்கி, அடுக்கடுக்காகத் தும்முவார். "ஒண்ணு அது இருக்கட்டும், இல்ல நான் இருக்கேன்" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அம்மா வீட்டிலிருந்து நான் கூட்டிவந்த பூனையை முன்பின் தெரியாத ஒருவரிடம் கொடுத்தேன். ஒரு வாரம் அழுதேன்.

அப்புறமும் தும்மல் நிற்கவில்லை. "ரோட்டுத் தூசிம்மா" என்பார். வண்டி ஓட்டுகிறவராயிற்றே, தூக்கம் வராத மாத்திரையாகப் பார்த்து வாங்கி வருவேன். ஓட்டும்போது அட்டையைப் பிரிக்க முடியாதென்று நானே பிரித்துச் சின்ன டப்பாவில் போட்டு, மூடியில் 'காலை 1' என்று எழுதிக் கொடுப்பேன். என்ன மாத்திரை என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவ்வளவு நம்பிக்கை.

போன மாதம் ஒரு பெண் கடைக்கு வந்து அந்த டப்பாவை நீட்டினாள். மூடியில் என் கையெழுத்து.

"இதே மாத்திரை குடுங்கக்கா. எங்க வீட்டுக்காரருக்குப் பூனைன்னா ஆகாது. ஆனா எம்பூனைய மடியவிட்டு எறக்க மாட்டாரு. அதுக்குன்னே மாத்திரை போட்டுட்டு வருவாரு, பாத்துக்கோங்க."

கொடுத்தேன். நல்ல மாத்திரைதான் கொடுத்தேன். அவள்மேல் எனக்கென்ன கோபம்? ஆனால் வயிறு எரிந்தது, அதை மறைக்க மாட்டேன். எனக்காகப் பொறுத்துக்கொள்ளாததை அவளுக்காகப் பொறுத்துக்கொண்டார், அதுவும் நான் கொடுத்த மருந்தைத் தின்றுவிட்டு.

மறுநாள் காலை டப்பாவில் பழைய ரக மாத்திரையைப் போட்டேன், தூக்கம் வருவதை. அதுவும் வெள்ளைதான். "சளி நெஞ்சுல எறங்கிடுச்சு, இன்னிக்கு மூணு போடுங்க" என்றேன்.

"நீ சொன்னா சரிதான்" என்று தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். அரை மணி கழித்து, செருப்பு மாட்டும்போது கொட்டாவி விட்டார். பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

வேன் கவிழ்ந்து செத்தது அவரோடு சேர்த்து ஒன்பது பேர் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் சார். மாத்திரையை மாற்றியது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் மற்ற எட்டுப் பேரை என் கணக்கில் சேர்க்காதீர்கள். அவர்கள் நம்பி ஏறியது அவருடைய வண்டியில். நம்பினவர்களுக்குத் துரோகம் செய்வது அவருக்குத்தான் பழக்கம், எனக்கு இல்லை.