நாலு பேரும் சேர்ந்து ஒரு போட்டோ

— இன்னுங் கொஞ்ச தூரந்தான், இன்னுங் கொஞ்ச தூரந்தான்னு கீழேருந்து இதையேதான் சொல்லிக்கிட்டு வரீங்க. புள்ளைவோ காலப் பாருங்க, செவந்து போச்சு.

— இந்தா புவனா, ஆரம்பிக்காத. ஊரு உலகத்துல அவனவன் புள்ளகுட்டியக் கூட்டிக்கிட்டு ஊட்டி, கொடைக்கானல்னு மலை ஏறுறான். நமக்கு வாய்ச்சது இந்த ரஞ்சன்குடிக் கோட்டை. இதுக்கே மூஞ்சிய இப்புடித் தூக்கி வச்சிக்கிட்டா என்னா அர்த்தங்கறேன்?

— ஏறுறதுக்கு நேரம் பாத்தீங்களே, அதச் சொல்லுங்க. புரட்டாசி வெயிலு, பொன்னுருகக் காயுது.

— ஆயுதபூசைக்குன்னு குவாரியில லீவு வுட்டான். நான் நாளு பாத்தா வருவேன்? உங்கண்ணங்கிட்ட தொங்கி கேமரா வாங்கியாந்திருக்கேன். உச்சியில நாலு பேரும் சேர்ந்து நின்னு ஒரு போட்டோ. நான் கேக்குறது அது ஒண்ணுதான். அதுக்குள்ள ஒருத்தன் தண்ணிங்குறான், ஒருத்தி கால் வலிங்குறா, நீ என்னடான்னா வழி நெடுவ புளிச்சோத்து மூட்டையப் பிரிக்கிற.

— பசிச்சா பிரிக்கத்தான் செய்வாங்க. குவாரியில ஆளுங்கள வெரட்டுற மாதிரி புள்ளைவோளையும் வெரட்டுனா அதுவோ எப்புடி சந்தோசமா வரும்? ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்கன்னு. ஆமா, நேத்து பொட்டு வச்சு பூசையில வச்ச விசில இன்னைக்கு எதுக்குக் கழுத்துல மாட்டிக்கிட்டு வந்தீங்க?

— வந்ததுலேருந்து பாக்குறேன், செவுத்துக்கும் சந்துக்குமா ஓடுதுவோ. பக்கத்துல நிக்கிதா பாரு? எங்கூட வரணும்னு வந்த புள்ளைவோ மாதிரியா இருக்கு? இந்த மதுரைவீரன் விசில் அடிச்சா குவாரியே அப்புடியே நிக்கும், தெரியுமுல்ல? இப்பப் பாரு, ரெண்டும் ஓடியாந்து பக்கத்துல நிக்கும்.

— யம்மாடி! காதுக்குள்ளயா அடிப்பீங்க!

— தமிழு! அருளு! வாங்கடா இங்க, போட்டோ எடுக்கணும்... என்னா, ஒண்ணையுங் காணும்?

— நல்லா ஓடியாந்துச்சுவோ. கண்ணு பட்டுடப் போவுது.

— நக்கல் பண்ணாத. இன்னொருக்கா அடிக்கிறேன்.

— அந்தா தமிழு வருது. ஏன்டி, தம்பி எங்கடி?

— ஓடிட்டாம்மா. அப்பா, நான் ஒண்ணு சொல்லவா?

— நீ ஒண்ணுஞ் சொல்ல வேணாம். தம்பி கைய வுடாதன்னு சொன்னேனா இல்லியா? எட்டு வயசு ஆவுது, கொஞ்சமாச்சும் பொறுப்பு இருக்கா?

— புடிச்சுக்கிட்டுத்தாம்ப்பா இருந்தேன். நீங்க விசில் அடிச்சதும் வெடுக்குன்னு உதறிட்டு...

— வாய மூடு. எதுக்கெடுத்தாலும் எதுத்துப் பேச்சு. டேய் அருளு! அருள்முருகா!

— என்னங்க, அந்தப் பக்கந்தான அகழி? மழைத்தண்ணி நெறஞ்சு கெடக்குன்னு வரயில நீங்கதான காட்டுனீங்க?

— வாய்க்கு வந்ததப் பேசாத.

— அஞ்சு வயசுப் புள்ள, அதுக்கு என்னா தெரியும்? ஆத்தா, சிறுவாச்சூர் தாயே, எம்புள்ளையக் கண்ணுல காட்டு. வர வெள்ளிக்கெழமையே வந்து மாவெளக்கு போடுறேன்.

— அழுவாத புவனா. நான் அகழி ஓரமா எறங்கிப் பாக்குறேன். விசில அடிச்சுக்கிட்டே போறேன், சத்தத்தக் கேட்டாவது வந்துருவான்.

— அடிக்காதீங்கப்பா!

— இவ ஒருத்தி, நேரங்காலந் தெரியாம...

— அடிக்காதீங்கப்பா! நீங்க அடிக்க அடிக்க அவன் உள்ள உள்ளதான் போவான். குவாரிக்குப் பக்கத்துல இருக்குற நம்ம வூட்டுல, உங்க விசில் சத்தங் கேட்டா என்னா செய்வோம்? தெருவுல வெளையாண்டாக்கூட ஓடிப்போயி கட்டிலுக்கு அடியில பூந்துக்குவோம். குவாரியில வெடி வைக்கப் போறாங்க, கல்லு பறந்து வரும், எவன் கூப்புட்டாலும் வெளிய தலையக் காட்டக் கூடாது, காட்டுனா தோல உரிச்சிடுவேன்னு நீங்கதானப்பா சொன்னீங்க? நானே செவுத்தோரம் குந்தியிருந்துட்டுத்தான் வந்தேன்.

— அட கடவுளே...

— இதைத்தான் புள்ள அப்பலேருந்து சொல்ல வந்துச்சு. சொல்ல வுட்டீங்களா?

— நீ மட்டும் கேட்டியா? சரி, சண்டை அப்பறம். தமிழு, இப்ப அவன் எப்புடிம்மா வருவான்?

— வெடிச்சு முடிஞ்சதும் நீளமா ஒண்ணு அடிப்பீங்கள்ல? அத அடிங்கப்பா. அதக் கேட்டாத்தான வரலாம்.

— ஊத மூச்சே வர மாட்டேங்குது புவனா.

— வருங்க. ஆத்தாள நெனச்சுக்கிட்டு நல்லா நீட்டி அடிங்க.

— பீஈஈஈஈஈஈப்!

— அம்மா, அந்தா! அந்த இருட்டு ரூமுலேருந்து... அருளு!

— எஞ்சாமி! எங்கண்ணு! வாடா, வா. முட்டியப் பாருங்க, எப்புடி செராய்ச்சிருக்கு. அழுவாத சாமி, அழுவாத.

— டேய், தொண்டை கிழியக் கத்துனேனே, கேக்கலியா ஒனக்கு?

— கேட்டுச்சு.

— கேட்டுட்டுமா வரல?

— நீதான வரக் கூடாதுன்னு சொன்ன.

— சரிடா, சரி. அப்பாமேலதான் தப்பு. அதான் எல்லாம் முடிஞ்சுபோச்சுல்ல, இன்னும் எதுக்கு அழுவுற?

— நீயும் உள்ள வருவன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீ வரவே இல்ல.

— நான் எதுக்குடா வரணும்?

— வெடி வைக்கிறப்ப நாங்கல்லாம் கட்டிலுக்கு அடியில போயிடுறோம். விசில் அடிக்கிற நீ எங்க ஒளிஞ்சுக்குவப்பா?