பெட்டியில் கோளாறு இல்லை

மாத்திரை அட்டையோடு மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துத் தாளைக்கூட நான் முழுசாகப் படிப்பேன். உனக்குத் தெரியும் அக்கா, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பத்தொன்பது வயதில் ஆலையில் பாதுகாப்புச் சாமான் அறையைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு மாமா என்னைச் சேர்த்துவிட்டபோது, இது எனக்கென்றே அளவெடுத்துத் தைத்த வேலை என்று நினைத்தேன்.

விளக்கு எரியட்டும். இருட்டில் என்னால் சொல்ல முடியாது. மாமா செத்து நீ தாலியைக் கழற்றிய நாளிலிருந்து அந்தப் பெட்டியைப் பழுது பார்த்தவரைத் திட்டித் தீர்க்கிறாய். நேற்று அவர் வீட்டு வாசலில் போய் மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்தாய். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. பெட்டியில் கோளாறே இல்லை.

அது எப்படி வேலை செய்யும் என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். உயரத்தில் ஏறி வேலை செய்கிறவர்களுக்கான பெட்டி, உள்ளே கம்பிக்கயிறு சுருண்டிருக்கும். பெட்டியைத் தலைக்கு மேலே மாட்டிவிட்டு, கயிற்றின் கொக்கியை முதுகுப் பெல்ட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும். விலகிப் போனால் கயிறு நீளும், திரும்பி வந்தால் தானே சுருட்டிக்கொள்ளும். ஆள் தவறி விழுந்தால் அந்த வேகத்துக்கு உள்ளே பல் மாட்டி, சட்டென்று நிறுத்திவிடும். காரில் சீட் பெல்ட் பிடிக்கிற மாதிரிதான். ஆனால் வேகம் இருந்தால்தான் பிடிக்கும். மெதுவாக இழுத்தால் அது பாட்டுக்கு விட்டுக்கொண்டே இருக்கும்.

பெட்டியோடு வந்த புத்தகத்தில் இதெல்லாம் இருக்கிறது. நாற்பது பக்கம். ஆலையில் அதைப் படித்தது நான் ஒருத்திதான்.

தினமும் காலையில் பதினொரு பெட்டிகளையும் சோதிப்பேன். கயிற்றை முழு நீளத்துக்கு இழுத்து, நைந்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன். வெடுக்கென்று இழுத்துப் பல் மாட்டுகிறதா என்று பார்ப்பேன். கயிற்றைக் கையிலிருந்து அப்படியே விட்டுவிடாமல், கூடவே போய் உள்ளே விடுவேன். வரிசையில் நிற்பவர்கள் கொட்டாவி விடுவார்கள். மேலே போனதும், கயிறு முதுகை இழுக்கிறது என்று துணிக் கிளிப்பைப் போட்டு அதை நிறுத்திவைப்பார்கள். நான் ஏறிப் போய்க் கிளிப்பை எடுப்பேன். நான் இறங்குவதற்குள் மறுபடி போட்டிருப்பார்கள்.

எல்லாருக்கும் தைரியம் கொடுத்தது மாமாதான். மேஸ்திரியே சிரித்தால் மற்றவர்கள் ஏன் கேட்கப் போகிறார்கள்? ஒருமுறை ஒரு பெட்டியின் கொக்கியில் சிவப்புக் கோடு வெளியே தெரிந்தது. யாரையோ விழாமல் தாங்கியிருக்கிறது, இனி அதைத் தொடக்கூடாது என்று அர்த்தம். சீட்டுக் கட்டித் தனியாக வைத்திருந்தேன். மாமா சீட்டை அறுத்துவிட்டு எடுத்துக்கொண்டார்.

"விழுந்து எந்திரிச்ச மனுஷனே மறுநாள் வேலைக்கு வரான். உன் பெட்டிக்கு மட்டும் ஓய்வா டீச்சரம்மா?"

அன்று ராத்திரி சாப்பிடும்போது நான் கயிறு இழுக்கிற மாதிரி நடித்துக் காட்டினாரே, ஞாபகம் இருக்கிறதா? உன் பையன் விழுந்து விழுந்து சிரித்தான். நீயும் சிரித்தாய். அதில் தப்பில்லை, அவர் நன்றாகத்தான் நடித்தார்.

போன வாரம் சைலோவில் சோளம் கட்டிதட்டிப் போனது. மூன்று மாடி உயரத் தகர உருளை அது, மேலே ஆள் நுழையும் அளவுக்கு ஒரு வாய். மேலாக ஓடு மாதிரி இறுகிவிட்டால் அடியில் பள்ளம் விழுந்து கிடக்கும். யாராவது இறங்கி, கம்பியால் குத்தி உடைக்க வேண்டும். மாமா இந்தப் பெட்டிகளில் ஒன்றை மாட்டிக்கொண்டு இறங்குவதாகச் சொன்னார். விழுந்தால்தானே மாமா அது பிடிக்கும், தானியத்தில் ஆள் விழமாட்டார், மெதுவாக உள்ளே போவார், அதற்குப் பெட்டி உதவாது, மேலே விஞ்சை வைத்து, கைப்பிடியைச் சுற்றி அளந்துதான் கயிறு விட வேண்டும், ஆளை மேலே இழுக்கவும் அதுதான் உதவும், கீழே சோளம் கொட்டுகிற கதவையும் மூட வேண்டும் என்றேன். சிரித்தார். அடுத்த நாள் ஆட்கள் முன்னால் சொன்னேன், அவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். மூன்றாம் நாள் பெரிய எழுத்தில் எழுதி ஏணியடியில் ஒட்டினேன். அந்தத் தாளைக் கிழித்து அதில் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டார்.

நான்காம் நாள் நான் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று தடவைக்கு மேல் யாரும் சொல்ல மாட்டார்கள்.

கீழே லாரிகள் நின்றதால் கதவு திறந்தபடியே இருந்தது, சோளம் இறங்கிக்கொண்டிருந்தது. மாமா என் அறைக்கு வந்தார்.

"பெட்டி சரியா இருக்கா? அத மட்டும் சொல்லு, பாடம் எடுக்காத."

அவர் கண் முன்னால் மூன்று முறை இழுத்துக் காட்டினேன். மூன்று முறையும் பிடித்தது.

"பெட்டி சரியா இருக்கு மாமா."

அது உண்மை. விஞ்ச் எனக்குப் பின்னால்தான் இருந்தது. தூசி படியக்கூடாது என்று அன்று காலையில்தான் அதன் மேல் தார்ப்பாயைப் போட்டு மூடியிருந்தேன். அவரும் கேட்கவில்லை.

சைலோவின் மேல் வாயருகே நின்று கவனிக்க வேண்டிய ஆளை லாரிக்காரர்களைச் சமாளிக்க அனுப்பிவிட்டார். அதனால் நான் ஏறி நின்றேன். ஆள் உள்ளே இருக்கும்போது மேலே ஒருவர் நிற்க வேண்டும் இல்லையா.

நாலு குத்துக்கு ஓடு உடைந்தது. அவர் விழவில்லை. முழங்கால் வரை போனார், பிறகு தொடை. தலைக்கு மேலே பெட்டி டிக், டிக் என்று நிதானமாகக் கயிறு விட்டது, புத்தகத்தில் சொன்னபடியே. அந்த நேரத்தில் நான் கை நீட்டிக் கயிற்றை வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்திருந்தால் பல் மாட்டியிருக்கும். அதற்கு மேல் இறங்கியிருக்க மாட்டார். கயிறு கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. நான் சரியாகப் படித்திருக்கிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடுப்பு வரை போனதும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முகத்தில் கேலி இல்லை.

"நீ சொன்னது சரிதான் பாப்பா. அந்த விஞ்சக் கொண்டா."

எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்றேன். மறுபடி சொன்னார், முழுசாக, நான் சொன்னது சரிதான் என்பதையும் சேர்த்து. இரண்டாவது தடவை சொல்லும்போது சோளம் நெஞ்சு வரை வந்திருந்தது, மூச்சு இழுக்கச் சிரமப்பட்டார்.

உடனே கிளம்பிவிட்டேன் அக்கா. விஞ்சைக் கொண்டுவரத்தான் போனேன், உன் மேல் சத்தியமாக. ஆனால் ஏணியிலும் நடைபாதையிலும் ஓடக்கூடாது என்பது அங்கே விதி. நான் நடந்துதான் போனேன்.