சாமையில் பாதி

— அந்த மிளகுத் தூசி படிஞ்ச தோள் துண்டை இங்க உதறாதீங்கன்னு சொன்னேனில்லீங்களா, கந்தப்பன் மாமா!

— தும்மல் என்னைக் கேட்டுட்டா வருது, கவிதா? ஆமா, இடுக்கியில ஒண்ணு புடிச்சிருந்தியே, அதெங்க கண்ணு?

— உங்க தும்மல்ல பறந்துபோச்சுங்க. அத்தையோட காது மிசின்ல அந்த ஒரு சின்ன பார்ட்டுதான் ஈயம் விட்டிருந்துச்சு. அதைத் திருப்பிச் சால்டர் பண்ணா வேலை முடிஞ்சிருக்கும்.

— வேற ஒண்ணு வெச்சிரு கண்ணு.

— ஊட்டுலயே ரிப்பேர் பாக்கறவகிட்ட எல்லா அளவு பார்ட்டும் இருக்குங்களா? சேலத்துல இருந்து வர நாலு நாளாகும்.

— நாளைக்கு மொத பஸ்ஸுல பெருமாயி எங்க மவ ஊட்டுக்குப் போறாளே! ராதிகா பச்ச ஒடம்புக்காரி, அசந்து தூங்குவா. குழந்தை அழுதா இவதான் எந்திரிக்கோணும். மிசின் இல்லாம எங்க கேக்கும்?

— என்னத்தைத் தேடறீங்க ரெண்டு பேரும்?

— அத்தை கேக்கறாங்க, சொல்லுங்க மாமா.

— சொன்னாக் கேக்கவா போவுது? மிசின் கெட்டு எட்டு நாளா இஷ்டத்துக்குத் திட்டறேன் கண்ணு. ஒரு வார்த்தை திருப்பி வரல. என்னா நிம்மதி!

— நல்ல நிம்மதிதான் போங்க. அத்தை, இங்க பாருங்க. மிசின்ல ஒட்டியிருக்கற இதே அளவுல இன்னொண்ணு பறந்துருச்சு.

— இத்துணூண்டா? சாமையில பாதிகூடத் தேறாது. தரையைக் கூட்டி அள்ளு சாமி. உங்கம்மா மொறத்தைக் குடு.

— மாமா, நெசமாவே புடைக்கறாங்க!

— புடைக்கட்டும் கண்ணு. தூசி பறந்துரும், கனமானது தங்கிரும். முப்பது வருசத்துல இவ ஆக்குன சாமைச் சோத்துல ஒரு கல்லு என் பல்லுல பட்டதில்ல.

— இந்தா சாமி, இதுதானே? ரெண்டு மொனையும் மின்னுது.

— இதேதாங்க அத்தை! மாமா, நீங்க வாசலுக்குப் போங்க. மூச்சுகூட அங்கயே உட்டுக்குங்க.

— நின்னுட்டேன் கண்ணு. ஆச்சா?

— ஒரு மொனை ஒட்டிருச்சு... மறு மொனையும் ஆச்சு. துண்டை வெளிய வெச்சுட்டு வாங்க.

— உன் கைக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல கண்ணு.

— எனக்கெதுக்குங்க? தேடிக் குடுத்தது அத்தை. அவங்களுக்குச் சொல்லுங்க. காதுல மாட்டிட்டேன், ஒரு நிமிசம் பொறுங்க...

— பொறுக்கறதென்ன! பெருமாயி, இங்க என் மூஞ்சியப் பாரு. முப்பது வருசமாக் கல்லில்லாத சோறு போட்டிருக்க. ஒருநாளும் நான் நல்ல வார்த்தை சொன்னதில்ல. நீ நல்லா இருக்கோணும்.

— இருக்கட்டுங்க. முந்தாநேத்துக் கொழம்புல உப்பை அள்ளிக் கொட்டிட்டேன்னு திட்டுனீங்களே, அதுக்கு இது சரியாப் போச்சு.

— கேக்குது! கண்ணு, ஒரு எழுத்து விடாமக் கேக்குது!

— மாமா... அத்தை உங்க வாயசைவைத்தான் பாக்கறாங்க. பேட்டரி இன்னும் என் கையிலதாங்க இருக்குது.