இடது மூலையில் மாமனார்

விலையைக் கேட்டால் எல்லோருக்கும் தலை சுற்றத்தான் செய்யும். உங்களுக்கும் சுற்றியது, கவனித்தேன். ஆனால் ஓஎல்இடி கேமிங் மானிட்டரை விலையை வைத்து எடைபோடக் கூடாது ஐயா, கறுப்பை வைத்து எடைபோட வேண்டும். சாதாரணத் திரையில் இருட்டுக் காட்சி வந்தால் சாம்பல் பூசியதுபோல் வெளிறிக் கிடக்கும். இதில் கறுப்பு என்றால் கறுப்புதான். அகலமும் அப்படி, கார் பந்தயம் ஓட்டினால் சாலையின் இரண்டு ஓரமும் கண்ணுக்குள் வந்துவிடும்.

என் மனைவி நர்ஸ், பகலில் வீட்டில் இருக்க மாட்டாள். நான் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன். பக்கத்து அறையில் அவளுடைய அப்பா, படுத்த படுக்கையாக. ரயில்வே கார்டாக இருந்து ஓய்வுபெற்றவர், ஆஸ்துமாக்காரர், நகைச்சுவையான மனிதர். எங்களுக்குள் ஒரு மனக்கசப்பும் கிடையாது.

"இருக்கிற ஸ்க்ரீன் போதாதாங்க? இவ்வளவு நீளம் எதுக்கு?" என்றாள் மனைவி.

"மாமா ரூம்ல ஒரு கேமரா வச்சு, அவரை இடது மூலையில போட்டுக்கறேன். என் வேலையும் நடக்கும், அவரும் என் கண்ணு முன்னாலயே இருப்பாரு."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் சேமிப்பை எடுத்துத் தந்து அவளே வாங்கச் சொன்னாள். அன்று எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டதுபோல் இருந்தது.

இந்தத் திரைக்கு ஒரே ஒரு குறை. ஒரு படம் அசையாமல் அதிக நேரம் நின்றால், அதன் தடம் நிரந்தரமாகப் பதிந்துவிடும். மாமனாரோ படுத்தால் படுத்தபடிதான். கட்டில், போர்வை, மூக்கு எதுவும் நகராது. அவரிடமே விஷயத்தைச் சொன்னேன்.

"அவ்வளவுதானே மாப்பிள்ளை?" என்று சிரித்தார். "ரயிலுக்கே கொடி ஆட்டின கை. உங்க டிவிக்கு ஆட்ட மாட்டேனா?"

சொன்ன சொல் தவறாத மனிதர். அதற்குப் பிறகு அடிக்கடி கையைத் தூக்கி ஆட்டுவார். நானும் இங்கிருந்தே டாட்டா காட்டுவேன், அவருக்குத் தெரியாது என்றாலும். கலகலப்பான நாட்கள் அவை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வேலையை முடித்துவிட்டுப் பந்தயத்தில் இருந்தேன். கடைசிச் சுற்று, முதலிடத்தில் நான். மூலையில் மாமனார் கை ஆட்டினார். வழக்கத்தைவிட வேகமாக, இரண்டு கையாலும். என்ன உற்சாகம் என்று நினைத்துக்கொண்டேன்.

திரையின் தரத்தையும் சொல்ல வேண்டும். திரைச்சீலை போட்ட அறை, கட்டிலுக்கடியில் கும்மிருட்டு. அந்த இருட்டிலும் அவருடைய நீல இன்ஹேலர் உருண்டு கிடந்தது பளிச்சென்று தெரிந்தது. பழைய மானிட்டராக இருந்திருந்தால் நிச்சயம் பார்த்திருக்க மாட்டேன். இதில் பார்த்தேன். அவர் வாய் திறந்து திறந்து மூடியதையும் பார்த்தேன். ஹெட்போன் போட்டிருந்ததால் சத்தம் மட்டும் கேட்கவில்லை.

பந்தயத்தில் ஜெயித்தேன். பிறகு கை ஆடுவது நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன், படம் அசையவே இல்லை. அதனால் அந்த மூலையை மூடிவிட்டு அடுத்த பந்தயத்தைத் தொடங்கினேன்.

மனைவி இன்னும் என்னோடு பேசவில்லை. ஆத்திரம் அடங்கட்டும். நீங்கள் வேண்டுமானால் திரையைப் போட்டுப் பாருங்கள் இன்ஸ்பெக்டர் ஐயா. அவர் இருந்த இடத்தில் ஒரு தடம்கூடக் கிடையாது. என் கவனிப்பில் குறை இருந்திருந்தால் இப்படி இருக்குமா?